கோவிலம்பாக்கத்திலிருந்து பாடி வருகிறது

டிசம்பர் 14, சனிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். பால் பாக்கெட் இரண்டு. ஒன்றில் ஓரம் கசிவு. 5.15க்குத் தண்ணீர் மோட்டார் போட்டு 5.40க்கு நிறுத்தினேன். 6.00 முதல் 6.30 வரை மொட்டை மாடியில் நடை, இருபத்தெட்டு சுற்று. 7.10க்கு இட்லி நான்கு, தக்காளிச் சட்னி. உப்பு சற்றுக் குறைவு. 7.35க்கு என் மனைவி ஸ்டெல்லா பள்ளிக்குக் கிளம்பினாள். பத்தாம் வகுப்புக்குச் சனிக்கிழமைகளில் சிறப்பு வகுப்பு உண்டு. 8.00 மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, பற்ற வைக்கும் சால்டரிங் கம்பியைச் சூடாக்கினேன்.

அன்றைய டைரியில் இதுவரை குழப்பம் எதுவும் இல்லை. அடுத்த வரி இது: ‘9.20. கீழே பந்தல் போடுகிறார்கள். யார் வீட்டு விசேஷம் என்று தெரியவில்லை.’

சென்ற வாரம் இந்தப் பத்தியில் தண்ணீர்த் தொட்டி விவகாரத்தை ஒருவழியாக முடித்துவிட்டேன். இந்த வாரம் அந்தப் பந்தலைப் பற்றி எழுத வேண்டும். அதற்கு முதலில் கிடாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இருபத்து மூன்றாம் எண்

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று மக்கள் படைக்கும் பூசணி, வாழைத்தார், கேக், நாட்டுக்கோழி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். அந்த வருடம் ஏலம் விட்டவர் ஜெபராஜ் அண்ணன். பாடகர் குழுவின் தலைவரும் அவர்தான். நல்ல குரல், ஆனால் கவனம் போதாது.

நான் ஒரு பூசணிக்காய்க்காகக் காத்திருந்தேன். அண்ணன் இருபத்திரண்டாம் எண்ணை முடித்துவிட்டு, நேராக இருபத்து நான்குக்குத் தாவினார். இருபத்து மூன்று என்ன ஆயிற்று என்று கேட்பதற்காகக் கையைத் தூக்கினேன்.

“சாமுவேல் தம்பி கை தூக்கியாச்சு. ஒரு தரம்.”

இல்லை அண்ணா, எண் விட்டுப்போயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரெண்டு தரம், மூணு தரம் ஆகிவிட்டது. வேறு யாரும் கேட்கவில்லை. யாரோ வீடு காலி செய்தபோது பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த எலெக்ட்ரிக் கிடார்தான் அந்த இருபத்து நான்காம் எண். பழைய படுக்கை விரிப்பில் சுற்றி என் மடியில் வைத்துவிட்டார்கள்.

ஸ்டெல்லா விரிப்பை விலக்கிப் பார்த்துவிட்டு, பூசணிக்காய் எங்கே என்று மட்டும் கேட்டாள்.

அரிசி மூட்டை வைத்தியம்

எனக்குத் தொழில் வரைபடம். ஒரு கம்ப்ரசர் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் இருபத்தொன்பது வருடமாக இருக்கிறேன். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் நடுக்கோடு போடுவது என் பழக்கம். கிடாரைத் துடைத்துத் தாளில் வைத்து ஓரம் வரைந்து, நடுக்கோடு போட்டேன். இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. ஒரு பக்க இடுப்பு மேலே இருந்தது; மறுபக்க இடுப்பு நாற்பத்தொரு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. யாரோ இரண்டு முனையையும் பிடித்து முறுக்கியது போல் இருந்தது.

டைரியில் ‘பழுது 1: இடுப்பு கோணல்’ என்று எழுதினேன்.

பரணின் ஈரத்தில் மரம் வளைந்திருக்கும் என்று முடிவு செய்து, தரையில் படுக்கவைத்து, மேலே இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டை மூன்று நாள் ஏற்றி வைத்தேன். மூன்றாம் நாள் இறக்கி அளந்தேன். அதே நாற்பத்தொன்று. அந்த மூன்று நாளும் சோறு வடிக்க ஸ்டெல்லா மூட்டையைப் பிரிக்க விடாமல் தடுத்தேன். எடை குறைந்தால் கணக்கு மாறிவிடுமே. மூன்று நாளும் உப்புமா.

பிறகு மேற்குத் தாம்பரத்தில் வாத்தியங்கள் பழுது பார்க்கும் பாபுவிடம் கொண்டுபோனேன். மூட்டை விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், இது கோணல் இல்ல. ஆஃப்செட் பாடி. செய்யறப்பவே இப்டித்தான் செய்வாங்க.”

எனக்குத் தெரிந்த ஆஃப்செட், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஆஃப்செட். இதன் மேல் எதுவும் அச்சடித்த மாதிரித் தெரியவில்லையே என்றேன். பாபு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“நின்னுகினு வாசிப்பீங்களா, குந்திகினா?”

உட்கார்ந்துதான் என்றேன்.

“அப்ப உங்களுக்குன்னே செஞ்சது சார். இடுப்பு சாஞ்சி கீது பாருங்க, தொடைல வச்சா அப்டியே குந்திக்கும்.”

வைத்தேன். உட்கார்ந்துகொண்டது. மேல் பக்கத்து வளைவில் என் வயிறும் இடம் பிடித்துக்கொண்டது. ஐம்பத்து மூன்று வருடத்தில் என் வயிற்றை மனதில் வைத்து யாரோ செய்த பொருள் என்று ஒன்றைப் பார்த்தது அன்றுதான். வீட்டுக்கு வந்ததும் ‘பழுது 1’ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அன்றிலிருந்து பாபுவைப் போல நானும் ‘பாடி’ என்றே சொல்லப் பழகினேன்.

சுவருக்கு வெளிப்பக்கம்

கிடார் எனக்குப் புதிதல்ல. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு பாடகர் குழுவில் சாதா கிடார் வாசித்தவன் நான். கிறிஸ்துமஸுக்கு ஒரு பாடல்தொகுப்பு பதிவு செய்தோம். போட்டுக் கேட்டபோது எல்லாப் பாடலிலும் பின்னால் ஒரு ஆண்குரல் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்று எண்ணிக்கொண்டிருந்தது. என் குரல். நான் எண்ணியது எனக்கே தெரியாது. ஜெபராஜ் அண்ணன் கோபிக்கவில்லை. கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க தம்பி என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

ஸ்டெல்லா குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறாள். சனிக்கிழமை நான்கு மணிக்கு ஒத்திகை. நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஆறு மணி வரை சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பேன். பாட்டு சுவரைத் தாண்டி வரும். நடுவில் திடீரென்று எல்லோரும் சிரிப்பார்கள். எதற்கு என்று திரும்பும் வழியில் கேட்பேன். ஸ்டெல்லா சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிடுவாள். “நீங்க அங்க இருந்திருந்தா சிரிப்பு வந்திருக்கும்” என்பாள். இருபத்திரண்டு வருடச் சனிக்கிழமைகள்.

அந்த வருடம் குழுவின் கிடார்காரருக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. நான் என் கோணல் கிடாரோடு உள்ளே போய் நின்றேன். ஒலிபெருக்கியில் மாட்டினேன். ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். நான் கம்பியைத் தொடவே இல்லை.

“தம்பி, நீங்க வாசிக்காதப்பவும் அது வாசிக்குது” என்றார் ஜெபராஜ் அண்ணன்.

டிசம்பர் 14 ஒத்திகைக்குள் இரைச்சல் நின்றால் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் எனக்கு இடம். நிற்காவிட்டால் கீபோர்டு மட்டும் போதும். மறுபேச்சு இல்லை.

பாபுவைக் கேட்டுப் பட்டியல் போட்டேன். புது ஒலிவாங்கிகள் இரண்டு. புது முறுக்காணி ஆறு. கம்பிகளைத் தாங்கும் பாலத்திலிருந்து அவை அடிக்கடி நழுவியதால் வேறு பாலம். இரைச்சலை அடக்க, ஒலிவாங்கிகள் உட்காரும் குழிகளின் உட்புறம் முழுக்கச் செப்புத் தகடு. குழியை அகலப்படுத்தியபோது உளி பட்டு பெயின்ட் பெயர்ந்தது. கழுத்தைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு, பாடியை மட்டும் கோவிலம்பாக்கம் செல்வத்திடம் கொடுத்தேன். பைக் டேங்குகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவர். அவர் பட்டறை என் மாமனார் வீட்டுக்குப் பின்தெரு. அடித்து முடித்ததும் மாமனார் வீட்டில் காய வைப்பதாக ஏற்பாடு.

ஒரு பதிவு

மாமனார் ஞானமுத்து, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வயது எண்பத்திரண்டு. நவம்பரில் நெஞ்சுச் சளிக்காகப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். சேலையூரில் எங்கள் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள். எல்லோரும் விசாரித்ததால், தினமும் காலை ஏழு மணிக்கு அவருடைய காய்ச்சல் அளவு, நாடித்துடிப்பு, சாப்பிட்ட இட்லி எண்ணிக்கை ஆகியவற்றைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவந்தேன். கடைசியாக ‘வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்’ என்று போட்டு நிறுத்திக்கொண்டேன். சொல்ல வேறு எதுவும் இல்லாததால்தான் நிறுத்தினேன். மற்றவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

நான் குடியிருப்போர் சங்கத்தின் இணைச் செயலாளர். வெளியிலிருந்து எந்தப் பொருள் வந்தாலும் முதல்நாளே கேட் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் என்ற விதி நான் கொண்டுவந்தது. வெள்ளிக்கிழமை மாலை அதன்படி எழுதினேன்:

‘நாளை காலை 10.00. கோவிலம்பாக்கம் மாமா வீட்டிலிருந்து பாடி வருகிறது. கேட்டின் இரண்டு கதவும் திறந்து வைக்கவும். படி வழியாக மெதுவாகத் தூக்கிச் செல்ல வேண்டும்.’

வாட்ச்மேன் முனுசாமி எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

“மாமா வூட்லேர்ந்தா சார்?”

“ஆமா.”

“எப்ப சார் ஆச்சு?”

“வியாழக்கிழமையே ஆயிடுச்சு. காயட்டும்னு வச்சிருக்கோம்.”

முனுசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பெயின்ட் காய்வதற்கு எதற்கு மரியாதை என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது.

நாற்காலி வரிசை

இப்போது பந்தலுக்கு வருகிறேன். 9.35க்குக் கீழே இறங்கினேன். ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி இறங்கியிருந்தது. முதல் தளத்தில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்று கேள்வி. நிச்சயதார்த்தமாக இருக்கும் என்று நினைத்தேன். யார் வீட்டு விசேஷம் என்று இரண்டு பேரிடம் கேட்டேன். இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாற்காலி வரிசைகள் கோணலாக இருந்தன. வரிசைக்குப் பத்து என்று நேராக்கினேன்.

சங்கச் செயலாளர் ராஜகோபாலன் சார் வந்து என் கையைப் பிடித்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். எந்த வீட்டில் என்ன நடந்தாலும் முதல் ஆளாக நிற்பவர்.

“பத்து மணிக்குத்தானே சாமுவேல்?”

“பத்துக்கு சார். செல்வம் சொன்னா சொன்ன நேரம்.”

“எப்ப எடுக்கறதா உத்தேசம்?”

“மூணரைக்கு எடுத்தாத்தான் நாலு மணிக்கு சர்ச்ல இருக்கலாம்.”

“பெட்டிக்குச் சொல்லணுமா? கேம்ப் ரோடுல நமக்குத் தெரிஞ்சவர் இருக்கார்.”

“பெட்டி இருக்கு சார். கறுப்பு. உள்ள சிவப்பு வெல்வெட். மாமாவே தீபாவளி சமயத்துல வாங்கிக் கொடுத்துட்டார்.”

“அவரேவா?”

“அளவு எடுத்துக்கிட்டு, கடைக்கு அவரே போனார்.”

ராஜகோபாலன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய மனுஷன் என்றார். ஒரு கிடார் விஷயத்தில் இவ்வளவு அக்கறையா என்று எனக்கும் மனம் நெகிழ்ந்துவிட்டது. அதனால் அவர் கேட்காததையும் சொன்னேன்.

“கழுத்து மட்டும் மேல வீட்ல இருக்கு சார். பாடி வந்ததும் நாலு ஸ்க்ரூ போட்டா வேலை முடிஞ்சுது.”

அவர் என் கையை விட்டார். பிறகு மறுபடி பிடித்து, ஒரு நாற்காலியில் என்னை உட்காரவைத்து, பக்கத்தில் இரண்டு பேரை உட்காரவைத்தார். “அதிர்ச்சில பேசறார். தனியா விடாதீங்கோ” என்று அவர்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது. யாருக்கு அதிர்ச்சி என்று திரும்பிப் பார்த்தேன். மேலே சால்டரிங் கம்பி சூடாகவே இருக்கிறது, நான்கு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று எழுந்தபோதெல்லாம் இருபக்கமும் தோளை அமுக்கினார்கள். “எல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்றார்கள். செப்புத் தகடு ஒட்ட இவர்களுக்குத் தெரியுமா என்பது என் கவலை.

பத்து மணி நான்கு நிமிடம்

10.04க்கு ஒரு ஆட்டோ வந்தது. ஸ்டெல்லாவும் ராஜகோபாலன் சாரின் மனைவியும் இறங்கினார்கள். பள்ளிக்குப் போய், ஒண்ணும் இல்லை, வீட்டுக்கு வாங்க என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள். ஒண்ணும் இல்லை என்று சொல்லி ஒருவரை அழைத்துவந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டெல்லா என்னைத்தான் நினைத்திருக்கிறாள். பந்தலையும் நாற்காலியையும் பார்த்தாள். அதில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். நேராக வந்து தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இரண்டு நிமிடம் கழித்து லோடு ஆட்டோ உள்ளே நுழைந்தது. பின்னால் நான்கைந்து பைக் டேங்குகள். முன்னால் செல்வத்தின் பக்கத்தில், வெள்ளை வேட்டியில் சுற்றிய ஒன்றை மடியில் வைத்தபடி என் மாமனார்.

பந்தலுக்குள் யாரோ நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

மாமா நிதானமாக இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். முனுசாமியின் கையிலிருந்த ஆளுயர மாலையைப் பார்த்தார்.

“யாருப்பா போனது?”

கடைசியில் முனுசாமிதான் சொன்னார்.

“உங்களுக்குத்தான் சார் வாங்கியாந்தோம்.”

“எனக்கா? அப்ப போடு” என்று கழுத்தை நீட்டினார் மாமா.

மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்து ரிஜிஸ்டரை வரவழைத்துப் படித்தார். முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவர். “எழுத்துல பிழை இல்ல மாப்ள. ஆனா படிக்கிறவன் செத்துடுவான்” என்றார். ராஜகோபாலன் சார் வேட்டியைப் பிரித்துப் பார்த்தார். வெளிர் பச்சை, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. அதில் தன் முகம் தெரிவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “பாடி நன்னாத்தான் இருக்கு” என்றார். அப்போதுதான் செல்வம் சிரித்தார். அதன் பிறகு ஒருவராலும் அடக்க முடியவில்லை. ஸ்டெல்லா மட்டும் சிரித்துக்கொண்டே அழுதாள்.

பதினேழு ஸ்க்ரூ

பந்தலும் நாற்காலியும் சாயங்காலம் வரைக்கும் வாடகைக்குச் சொல்லியாகிவிட்டது. அறுபது பேருக்குத் தேநீர் வந்துவிட்டது. கிளம்ப யாருக்கும் மனமில்லை. இதென்ன பொருள், இதற்காக எதற்கு நான்கு மணி என்று கேட்டார்கள். சொன்னேன். இரண்டு மணி நேரம் வீணாகிவிட்டது, இனி முடிக்க முடியாது என்றும் சொன்னேன். மாமா கடிகாரத்தைப் பார்த்தார். மேலே இருப்பதையெல்லாம் இங்கே இறக்குங்கள் என்றார்.

வாட்ச்மேன் அறையிலிருந்து மின்சாரம் இழுத்தோம். ஸ்டெல்லா செப்புத் தகட்டை நறுக்கிக் கொடுத்தாள், நான் குழிகளில் ஒட்டினேன். முன்தட்டுக்குப் பதின்மூன்று ஸ்க்ரூ, கழுத்துக்கு நான்கு. எந்த ஸ்க்ரூ எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதே துளைக்குத்தான் போக வேண்டும் என்பது என் கொள்கை. முன்வரிசையில் பத்துப் பேர், அடுத்த வரிசையில் ஏழு பேர், ஆளுக்கு ஒரு ஸ்க்ரூ. எண்ணைக் கூப்பிட்டால் எழுந்து வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்பதாம் எண்காரர் தேநீர் குடிக்கப் போய்விட்டதால் ஆறு நிமிடம் தாமதம். பதினாறாம் எண்ணை மாமா கொடுக்க மறுத்து, தானே முடுக்கினார்.

3.10க்குப் பெருக்கியில் மாட்டி, சத்தத்தை முழுதாக ஏற்றினேன். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள்.

“ஒண்ணியும் கேக்கலியே சார்” என்றார் முனுசாமி வருத்தமாக.

அதுதான் வேண்டும் என்றேன். இரைச்சல் இல்லை என்பதை அறுபது பேரும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சுவருக்கு உள்பக்கம்

3.58க்கு ஒத்திகை அறைக்குள் போனேன். ஜெபராஜ் அண்ணன் பெருக்கியில் காதை வைத்துப் பார்த்தார். சரி என்றார். முதல் பாட்டைத் தொடங்கினோம். தொடையில் கிடார் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இரண்டாம் சரணத்தில் அண்ணனின் கை அந்தரத்தில் நின்றது. பாட்டும் நின்றது.

“தம்பி, எண்ணுறீங்க.”

எனக்கு இந்த முறையும் தெரியவில்லை. செப்புத் தகடு ஒட்டி நிறுத்தக்கூடிய சத்தம் அல்ல அது. வயரைப் பிடுங்கிச் சுருட்டத் தொடங்கினேன். ஆல்ட்டோ வரிசையிலிருந்து ஸ்டெல்லா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் இடதுபக்கம் போட்டாள்.

“அண்ணே, நான் இங்க உக்கார்றேன். இவர் எண்ணினா காலை மிதிச்சிடறேன்.”

ஜெபராஜ் அண்ணன் குனிந்து என் காலைப் பார்த்தார்.

“மிதிங்க. ஆனா இவர் கத்தக் கூடாது.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் வயரை மறுபடி மாட்டினேன். ஆறு மணி வரை வாசித்தேன்.

மறுநாள் ஞாயிறு, காலை 4.50க்கு எழுந்ததும் முதல் வேலையாக வெந்நீரில் உப்புப் போட்டு இடது காலை அதில் வைத்துக்கொண்டு, டைரியில் ‘மிதி: ஆறு’ என்று எழுதினேன். காபி கொண்டுவந்த ஸ்டெல்லா அதைப் படித்தாள். பேனாவை வாங்கி, ஆறை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினாள். அந்த மூன்று எனக்குத் தெரியவே இல்லை.